பொம்மையின் நாடி

12.1.1999, செவ்வாய்

முதலாமாண்டு மாணவி செல்வி இரவெல்லாம் தில்லி கரோல் பாகில் ஒரு கிழவரைக் கவனித்துக்கொள்ளும் வேலை பார்த்துவிட்டு, காலையில் என் நர்சிங் வகுப்புக்கு வருகிறாள். கல்லூரிக்குத் தெரிந்தால் நீக்கிவிடுவார்கள். இன்று பயிற்சிப் பொம்மையின் மணிக்கட்டை ஒரு நிமிடம் பிடித்திருந்து, அட்டையில் நாடி 58 என்று எழுதினாள்.

“நேத்தைவிடக் கொறஞ்சிருக்கு மேடம்.”

“செல்வி, இது பொம்மைம்மா.”

அவள் கண்கள் திறந்தேதான் இருந்தன. ஆனால் அப்போதுதான் விழித்தவள்போல் பொம்மையின் கையை விட்டாள். “தூங்கிட்டேன் மேடம். பிரின்சிபால்கிட்ட சொல்லிராதீங்க, ப்ளீஸ்.”

சொல்லத்தான் வேண்டும், நாளை ஒரு நோயாளிக்கும் இப்படி எழுதுவாள். புகாருடன் இணைக்க மாலையில் அந்த அட்டையை எடுத்தேன். 58-க்குக் கீழே ‘சரிபார்த்தேன்’ என்று என் கையெழுத்து. போட்ட நினைவில்லை. புகாரை எழுதவில்லை.

நாடியை நானும் தொட்டுப் பார்க்காமல் ஒருநாளும் கையெழுத்துப் போட்டதில்லை.