கூலன்ட் தொட்டியில் குழாய்த் தண்ணீர்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நலம், படியேறும்போது மட்டும் முட்டி முனகுகிறது. போனில் பேசலாமென்றால் உன் கணவர் கூடத்திலேயே இருக்கிறார். அதனால் நீ வேலைக்காகத் தங்கியிருக்கும் ஊருக்கு வரும் அவருடைய கூட்டாளி டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

கொஞ்ச நாளாகவே மாப்பிள்ளை மேல் எனக்குச் சந்தேகம். விடிந்ததும் ஒரு பெரிய பாட்டிலைத் துணியில் சுற்றி எடுத்துப் போகிறார். கேட்டால், "ஒண்ணுமில்ல அத்தை, குடிக்கத்தான்" என்கிறார். சாராயமோ என்று நினைத்தேன். அவர் குளிக்கப் போனபோது திறந்து முகர்ந்து பார்த்தேன். வெறும் குழாய்த் தண்ணீர்.

தண்ணீரை எதற்கு ஒளிக்க வேண்டும்? நடக்கப் போகிற சாக்கில் லாரி ஷெட்டுக்குப் போனேன். பேட்டரி சூடேறாமல் காக்கும் கூலன்ட் தொட்டியில் அதை ஊற்றிக்கொண்டிருந்தார். இந்த மின்சார லாரி வந்த புதிதில், "இதுக்குன்னு உள்ள கூலன்ட்தான் ஊத்தணும் அத்தை, குழாய்த் தண்ணி ஊத்தினா உள்ளே உப்பு படிஞ்சு அரிச்சிடும்" என்று எனக்குப் பாடம் எடுத்தவரே அவர்தான்! ரோஜா நிறத்தில் இருந்தது இப்போது வெளுத்துக் கிடக்கிறது. அடியில் ஒரு குழாய் மூட்டில் கசிவு. மட்டம் இறங்கினால் எச்சரிக்கை விளக்கு எரியுமென்று தினமும் நிரப்பி வைக்கிறார். மெக்கானிக்கும் தொட்டியை எட்டிப் பார்த்து, "ஃபுல்லா இருக்கு" என்று போய்விடுகிறார். வகுப்பு முழுக்க நூற்றுக்கு நூறு வாங்கினால் டீச்சராக இருந்த நான் விடைத்தாளையா பார்ப்பேன்? பெஞ்சுக்கு அடியில் அல்லவா பார்ப்பேன்!

ஊருக்குள் ஓட்டும்வரை சமாளிக்கலாம். வெள்ளிக்கிழமை முழு பாரத்தோடு மலைப்பாதை ஏறி உன் ஊருக்கு வருகிறாராம். அந்த ஏற்றத்தில் பேட்டரி சூடேறினால் என்ன ஆகும்? நேரடியாகவே கேட்டுவிட்டேன். "சொன்னா வண்டிய நிறுத்திடுவாங்க அத்தை. வெள்ளிக்கிழமை நடை வேற ஆளுக்குப் போயிடும். இந்தத் தடவையும் நான் போகலைன்னா அவ…" என்று நிறுத்திக்கொண்டார்.

கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லியே காலம் தள்ளியவள் நான். இப்போது என் சந்தேகம் உன் மேல் திரும்பியிருக்கிறது. அவரிடம் என்ன சொன்னாய் என்று கேட்க மாட்டேன். கோபத்தில் சொன்னதாகத்தான் இருக்கும்; அவர் அதை வெறும் கோபமாக எடுத்துக்கொள்ளாமல் நிஜமென்று நம்பிவிட்டார்.

மெக்கானிக்கிடம் நானே சொல்லலாம். நான் காட்டிக்கொடுத்தால் மாப்பிள்ளையின் வேலை போகும். அவராகவே சொன்னால் திட்டோடு முடியும். அதனால் வியாழன் மாலைவரை பொறுப்பேன். அதற்குள் நீ பேசாவிட்டால் ஷெட் வாசலில் போய் நிற்பேன், அவர் முகத்தில் விழிக்க முடியாமல் போனாலும் சரி.

இதைப் படித்த கையோடு போன் போடு. வண்டி சரியான பிறகு வந்தால் போதும், எத்தனை நாளானாலும் காத்திருப்பேன் என்று சொல். நான் சொன்னால் அது மாமியார் பேச்சு. நீ சொன்னால் சாவியைக் கொடுத்துவிடுவார்.

நீங்கள் இருவரும் நெடுங்காலம் சண்டை போட்டுக்கொண்டே சேர்ந்து வாழ வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,
அம்மா