சினை ஆட்டுக்குப் போட்ட ஊசி

அன்பு மகளுக்கு,

நானும் அப்பாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கும் மூன்றாவது ஆளும் சுகமாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எங்களுக்கு இப்போது வேறு நினைப்பே இல்லை. உன் கடிதம் வந்ததிலிருந்து அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை, கேட்டால் "பசிக்கல" என்கிறார். ஆனால் பின்னறையிலிருந்த தன் சுத்தியல், ரம்பம் எல்லாவற்றையும் அள்ளி வெளியே போட்டுவிட்டு உனக்கு அங்கே கட்டில் போட்டிருக்கிறார். நீ வருவதாகச் சொல்லவே இல்லையே என்று நான் சொன்னால் காதில் ஏறினால்தானே.

விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளம் வடிந்து கொசு மொய்க்கிறது, பக்கத்துப் பட்டிகளில் காய்ச்சல் கண்டு ஆடுகளுக்குக் கரு கலைகிறது, மேய்ப்பவர்களுக்கும் அந்தக் காய்ச்சல் வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். அதற்கான தடுப்பூசி முகாமில் கர்ப்பிணிகளுக்கு ஊசி போடுவதில்லையாம், அதனால் கர்ப்பத்தை மறைத்துப் போட்டுக்கொள்ளப் போகிறாயாம். "நீ செஞ்ச மருந்துதானேம்மா, எனக்கென்ன பயம்" என்று வேறு. அடி பெண்ணே, நான் சமைத்ததை ஒரு நாளாவது மூக்கைச் சுளிக்காமல் சாப்பிட்டிருக்கிறாயா? படித்ததும் சிரித்துவிட்டேன், பிறகு ஆய்வுக்கூடத்துக் கழிவறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன்.

ஆட்டுக்கும் மனிதருக்கும் இது ஒரே மருந்துதான். கிருமியைக் கொல்லாமல் அதன் பல்லை மட்டும் பிடுங்கி உடம்புக்குள் விடுகிறோம், உடம்பு அதைப் பார்த்துப் பழகிக்கொண்டால் கொசு நிஜக் கிருமியைக் கொண்டுவரும்போது ஏமாறாது. சினை ஆடுகளுக்கு நானே என் கையால் ஊசி போட்டேன். எல்லாம் நல்லபடியாகக் குட்டி போட்டன, நாங்கள் பட்டத்தரசி என்று கூப்பிடும் ஆட்டைத் தவிர. அதன் குட்டி செத்துப் பிறந்தது. அது அந்தக் குட்டியை நக்கிக்கொண்டே நின்றது, எங்களை எடுக்க விடவில்லை. மருந்தாலா, வேறு எதனாலா என்று அறுத்துப் பார்த்தும் தெரியவில்லை. "ஊசி போடாத ஆடும்தான் குட்டிய இழக்குது மேடம்" என்கிறார்கள் கூட வேலை செய்பவர்கள். உண்மைதான். வேறு யார் கேட்டாலும், இன்னும் பார்க்க வேண்டும் என்று பதில் எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன். நீ கேட்கும்போது அப்படி முடியவில்லை.

அதனால் பொய் சொல்லிக்கொண்டு வரிசையில் நிற்காதே. உன் குடியிருப்பைச் சுற்றியுள்ள ஆடுகளுக்கு முதலில் போடட்டும், அங்குள்ள கால்நடை மருத்துவரிடம் பேசிவிட்டேன், ஒன்றிடமிருந்து இன்னொன்றுக்கு நோய் ஒட்டாமலிருக்க ஒவ்வொன்றுக்கும் புது ஊசி எடுக்கச் சொல்லியிருக்கிறேன். ஆட்டிடம் கிருமி பெருகாவிட்டால் கொசு உன்னிடம் கொண்டுவருவதும் குறையும். மாப்பிள்ளையைக் கட்டாயம் போட்டுக்கொள்ளச் சொல், ஊசியைக் கண்டால் ஓடுவார், ஆனால் தப்பிக்க அவருக்குக் கர்ப்பமும் இல்லை. பகலில் படுத்தாலும் கொசுவலைக்குள் படு, காய்ச்சாத பாலைத் தொடாதே. விடுப்புக் கிடைத்தால் இங்கே வந்துவிடு, அப்பாவாவது சாப்பிடுவார்.

நீங்கள் மூவரும் நோய்நொடி அண்டாமல் நன்றாக இருக்க வேண்டும். மறந்துவிடாதே, முகாமில் கேட்டால் உள்ளதைச் சொல். என் பயம் வீண், இந்த மருந்து கர்ப்பிணிகளுக்கும் நல்லதுதான் என்று ஒரு நாள் தெரியவந்தால், அன்றைக்கு உன் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு என்னை ஆசை தீரத் திட்டு. சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா