ரிசீவருக்குள் இருந்த ஆண்டு

ஜனவரி 6, 2025, திங்கள்

ஊர்க் கூடத்தில் வைக்கப்போகும் பழம்பொருள் கண்காட்சிக்கு இதுவரை ஏழு தொலைபேசிகள். ஏழும் பிரெஞ்சுத் துரைமார் விட்டுப்போனவையாம். காரைக்காலில் நாற்காலி முதல் எலிப்பொறி வரை எல்லாமே ஏதோ ஒரு துரை விட்டுப்போனதுதான். அவ்வளவையும் இங்கே போட்டுவிட்டு வெறுங்கையோடு எப்படித்தான் கப்பல் ஏறினார்களோ.

கவர்னருடையது என்று சண்முகசுந்தரம் சார் கொண்டுவந்ததைக் குப்புறத் திருப்பினேன். அடித்தகட்டில் இந்தி எழுத்து.

"கவர்னர் இந்தி படிச்சிருந்தாரா சார்?"

அவர் சிரிக்கவில்லை.

பொருளைப் பார்த்து, ஆண்டைக் கண்டுபிடித்து, அட்டை எழுதுவது என் வேலை. எம்.ஏ. வரலாற்றுக்கு ஊரில் கிடைத்த ஒரே பயன்.

ஜனவரி 8, புதன்

மழை. ஒருவரும் வரவில்லை. நிம்மதி.

ஜனவரி 9, வியாழன்

கமாலுதீன் சாச்சா. வாப்பாவின் கூட்டாளி, இரும்புக்கடைக்காரர். கருப்பு போன் ஒன்றைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தார். 1952இல் அவருடைய வாப்பா, அன்றைக்குப் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த சைகோனிலிருந்து கொண்டுவந்ததாம்.

"வாப்பா அங்க ஆபீஸ்ல இருந்தாங்க. அவங்க மேசையில இருந்த போனு."

ஊர் சொல்வது வேறு. அவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கினாராம். அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்ல சாச்சாவிடம் இருப்பது இந்த போன் ஒன்றுதான். மூட்டை தூக்கினால் என்ன கேவலம்? இவர்களுக்கு ஆபீஸ் வேண்டும், மேசை வேண்டும்.

கூடம் நிறைய ஆட்கள். ரிசீவரின் வாய்ப்பக்க மூடியைத் திருகிக் கழற்றினேன். உள்ளே பெங்களூர் என்றும் 68 என்றும் இருந்தது. சத்தமாகப் படித்தேன். ரிசீவர் தாங்கியில் ஒழுங்காக உட்காரக்கூட இல்லை. பச்சைப் போலி.

அவருடைய மச்சான் ஜவஹர் அலி: "அப்ப மூட்டை தூக்குனதும் பெங்களூர்லதானா மச்சான்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும். சாச்சா மறுபடி துண்டைச் சுற்றினார். முடிச்சு விழ மூன்று தடவை ஆனது.

ஜனவரி 10, வெள்ளி

ஊரில் ஒரு கட்டுக்கதை குறைந்தது. இதற்கு ஏன் உம்மா என்னோடு பேசவில்லை?

ஜனவரி 13, திங்கள்

விஷ்ணுப்ரியா வந்தாள். கல்லூரித் தோழி, அவள் அப்பா தொலைபேசி லைன்மேனாக இருந்தவர். நடந்ததைச் சொன்னேன். பெருமையாகத்தான்.

"ரிசீவரை மட்டும் பாத்துட்டா சொன்ன? கீழ விழுந்து முதல்ல உடையிறதே அதுதான்டி. அப்பா பையில எது இருக்கோ அதை மாட்டிட்டு வந்துருவாரு. அடியைப் பாத்தியா?"

"பச்சைத்துணி ஒட்டியிருந்துச்சு."

"பிய்க்க வேண்டியதுதானே, பெரிய ஆராய்ச்சிக்காரி."

ஏன் பிய்க்கவில்லை? ரிசீவரிலேயே ஜெயித்தாகிவிட்டது. அப்புறம் எதற்கு அடி.

தாங்கியில் பொருந்தாமல் ஆடியதே — உடம்பு வேறு, ரிசீவர் வேறு என்று அதுதானே சொன்னது. பார்த்தேன். பார்த்துவிட்டுப் போலி என்றேன். படிச்ச முட்டாள்.

ஜனவரி 15, புதன்

சாச்சா வீட்டுக்குப் போனேன். யாரும் உட்காரச் சொல்லவில்லை. போனை என் முன்னால் வைத்தார். "இன்னும் என்ன பாக்கணும்? பாரு."

கத்தி நுனியால் துணியை உரித்தேன். தகட்டில் பிரெஞ்சு எழுத்து. பாரிஸ். 51.

சைகோன் என்று எங்கும் இல்லை. ஆபீஸ் என்றும் இல்லை. ஆனால் 52இல் இந்த போன் கப்பல் ஏறியிருக்க முடியும். அவரைப் பொய்யராக்க என்னிடம் இருந்தது 68 மட்டும். அதுவும் எவனோ ஒரு லைன்மேன் பையிலிருந்து வந்தது.

"தப்பாப் படிச்சுட்டேன் சாச்சா."

"படிச்சது கூடத்துல. தப்புன்னு சொல்றது இங்கயா?"

ஜனவரி 18, சனி

திறப்பு விழா. மேசையில் அவர் போனுக்கான இடத்தை வெறுமையாக விட்டு அட்டையை மட்டும் வைத்தேன். கூட்டத்தின் நடுவில் நின்று உரக்கப் படித்தேன். "உடல்: பாரிஸ், 1951. ரிசீவர்: பெங்களூர், 1968, பின்னால் மாற்றப்பட்டது. முதலில் தவறாகப் படித்தவர்: நௌஷின்."

பாதிப் பேர் காதில் வாங்கவே இல்லை. அன்றைக்குச் சிரிக்க மட்டும் எல்லோருக்கும் காது இருந்தது.

"போனு இல்லாம அட்டை எதுக்கும்மா?" என்றார் ஜவஹர் அலி.

ஜனவரி 20, திங்கள்

காலையில் கூடத்தைத் திறக்கும்போது வாசலில் சாச்சா, போனோடு. தானே மேசையில் வைத்தார். அட்டையை இரண்டு முறை படித்தார்.

ரிசீவர் வரியை எடுத்துவிடவா என்று கேட்டேன்.

"இருக்கட்டும். பழசைக் கீழ போட்டு உடைச்சது நான்தான். அப்ப எட்டு வயசு."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சாச்சா."

"நீ எங்க கேட்டே."