சம்பந்தி வீட்டுப் பைப்புக்காரர்

17 நவம்பர், திங்கள்

காலையிலேர்ந்து மூட்டம். துணி காயல. ஸ்கூல் விட்டு வந்து பாத்தா ஹால் சுவத்துல ஈரம் இன்னும் ஏறியிருக்கு. போன வாரம் சாப்பாட்டுத் தட்டு அளவு. இப்ப என் இடுப்பு உயரம். சுவத்துக்கு அந்தப் பக்கம் பாத்ரூம்.

இவர் சொல்றார், "மழை ஈரம் லா. இந்த பிரிஞ்சாங் மலையில எந்தச் சுவர் காஞ்சு கிடக்கு?" மழை ஈரம் வெளிச் சுவத்துக்கு வரும். இது உள் சுவர். உள்ள போற பைப்புதான் கசியுது. அடிச்சுச் சொல்வேன்.

30-ந்தேதி எங்க பொண்ணு தர்ஷினிக்கு நிச்சயம். இதே ஹால்ல. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சாஞ்சு உக்காரப் போறது இதே சுவத்துல. பட்டு ஜிப்பா முதுகெல்லாம் வட்ட வட்டமா ஈரத்தோட எந்திரிக்கட்டும், நல்லா இருக்கும்.

வாங்க வேண்டியது: சந்தனம், கற்கண்டு, பாய் ரெண்டு. வெத்தலை தர்ஷினி ஈப்போவுலேர்ந்து கொண்டு வருவா.

ராத்திரி சாப்பிடும்போது இவர், "கவலைப்படாதே, ஆபீஸ்ல சொல்லிட்டேன். ஆள் வரும்."

சரி. ஒரு வேலை குறைஞ்சுது.

20 நவம்பர், வியாழன்

ஆள் வரல. மழை மட்டும் சரியா வருது.

"எந்த ஆபீஸ்லங்க சொன்னீங்க?" சாதாரணமாத்தான் கேட்டேன்.

"நம்ம ஆபீஸ்லதான். கிராணிகிட்ட."

எஸ்டேட் ஆபீஸ் கிளார்க்கு, அந்தக் கிராணி. லைன் வீட்டக் காலி பண்ணி இந்தச் சொந்த வீட்டுக்கு வந்து வருஷம் ஆகப்போகுது. அந்த மனுஷன் எங்க வீட்டுப் பைப்புக்கு எதுக்கு ஆள் அனுப்பணும்?

"கிராணி என்ன சொன்னாரு?"

"சிரிச்சாரு. சரின்னு சிரிக்கிறாருன்னு நினைச்சேன்."

சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வயித்து வலி. இவர் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு எஸ்டேட் டிராக்டரத் துடைக்கப் போறேன்னு போயிட்டார். அப்புறம் பாவமாயிருந்துச்சு. பொறந்ததுலேர்ந்து அப்படியே பழக்கம். கூரை ஒழுகினா ஆபீஸ், குழாய் உடைஞ்சா ஆபீஸ். காலையில வேலைக்கு முன்னாடி பெரட்டுல நின்னு பேர் குடுக்கும்போதே சொல்லிடணும். ஆள் வருவான், சமயத்துல வரமாட்டான், ஆனா தேட வேண்டியதில்ல. இப்ப சுவர் நம்ம சுவர். ஆள நாமதான் தேடணும்.

தொண்டை கட்டியிருக்கு. இஞ்சி இல்ல.

21 நவம்பர், வெள்ளி

இவர் ஆள் பிடிச்சிட்டார். சாயங்காலம் வரும்போதே மார விரிச்சுக்கிட்டு வர்றார். ஆள் யாருன்னா மாப்பிள்ளை லோகனோட சித்தப்பா, சேகர். கோலா தெர்லாவுல காய்கறித் தோட்டங்களுக்குத் தண்ணி பைப்பு போடுறவர். வீட்டு வேலையும் செய்வாராம்.

"லைசன் இருக்கா அவருக்கு?"

"நம்ம ஆளு லா. சம்பந்தம் பண்ணப் போற வீடு. அவருகிட்டப் போயி லைசன் கேக்கச் சொல்றியா?"

ஆத்துல போட்டாலும் அளந்து போடணும். எங்க ஸ்கூல் ஆபீஸ்ல ஒரு குழாய் மாத்தணும்னாலும் வர்றவன் கார்டு காட்டாம ஹெச்.எம். கேட்டுக் கதவத் தொறக்க விடமாட்டார். கார்டு வாங்கிப் பேரு, நம்பரு, எப்ப முடியுது எல்லாம் நெட்ல தட்டி ஒத்துப் பாக்குறதே நான்தான். தோட்டத்துப் பைப்பு மண்ணு மேல ஓடுது. ஒழுகினா கோசுக்குத்தான் லாபம். சுவத்துக்குள்ள போற பைப்பு அப்படியா?

சொன்னேன். இவர் காதுல வாங்கல.

22 நவம்பர், சனி

கேட்டுட்டேன்.

சேகர் அண்ணன் காலையிலயே வந்துட்டார். நல்ல மனுஷன். காலக் கழுவிட்டுத்தான் உள்ள வந்தார். கோசு ரெண்டு, ஒரு கட்டு கீரை கொண்டு வந்தார். டீ போட்டு முன்னாடி வெச்சேன். சுவத்தத் தட்டித் தட்டிப் பாத்தார். உளிய எடுத்தார். அப்ப என் வாய் சும்மா இருக்கணுமா இல்லையா. ஸ்கூல்ல கேக்குற அதே குரல்ல, "அண்ணே, லைசன் கார்டு குடுங்க, பாத்துட்டுத் தரேன்."

உளி அப்படியே நின்னுச்சு.

"நான் யாருன்னு தெரியும்ல தங்கச்சி?"

"தெரியும்ணே. தெரியாமலா. எல்லாரையும் கேக்குறதுதான்."

"எல்லாரையும்."

சாமானெல்லாம் பையில போட்டார். இவர் பின்னாடியே வாசல் வரைக்கும், "மச்சான், மச்சான்"னு ஓடினார். மோட்டார் சைக்கிள் போயிடுச்சு. டீ அப்படியே ஆடை கட்டிக் கிடந்துச்சு.

இவர் ராத்திரி வரைக்கும் பேசல. நான் கீரைய ஆய்ஞ்சேன்.

24 நவம்பர், திங்கள்

ஸ்கூல்ல இருக்கும்போது லோகனோட அம்மா போன். குரல் தேன் மாதிரி. நலம் விசாரிச்சாங்க, மழை விசாரிச்சாங்க. அப்புறம், "எங்க பையனுக்கும் லைசன் பாத்துட்டுத்தான் பொண்ணு குடுப்பீங்களோ?"

"ஐயோ, அப்படி இல்லீங்க"ன்னேன். "பெரியவங்க பேசிட்டுச் சொல்றோம்"னு வெச்சுட்டாங்க. எதப் பேசிட்டு? எதச் சொல்றாங்க?

பயமா இருக்கு. என் பொண்ணு ஆசைப்பட்ட இடம். என் வாயால கெடுத்துட்டேனோ.

தர்ஷினி ராத்திரி ஈப்போவுலேர்ந்து பேசினா. ஆஸ்பத்திரியில டியூட்டி முடிச்சு வந்த அசதி.

"கேட்டது சரிதான்மா. ஆனா நிச்சயம் முடிஞ்சப்புறம் கேட்டிருக்கலாம்ல."

"அதுக்குள்ள சுவத்த உடைச்சிருப்பார்டி."

"உடைச்சா உடைக்கட்டும்."

அப்புறம் அவளே, "இல்ல, நீ கேப்பே. எனக்குத் தெரியும்"ன்னா. சிரிச்சாளா அழுதாளா தெரியல.

25 நவம்பர், செவ்வாய்

ஈரம் என் நெஞ்சு உயரம். வேற ஆளக் கூப்பிடலாம்னா இவர் குதிக்கிறார். "அவரு கோவிச்சுக்கிட்டுப் போன வேலைக்கு இன்னொருத்தன வெச்சா, வரவேண்டாம்னு நாமளே சொன்ன மாதிரி." இந்த ஒண்ணுல அவர் சொல்றது நியாயம். அதான் எரிச்சல்.

குழாய் மெயின மூடி வெச்சாச்சு. அப்பப்ப தொறந்து பக்கெட்டுல பிடிச்சுக் குளிக்கிறோம். இந்தக் குளிர்ல.

26 நவம்பர், புதன்

லோகன் போன் பண்ணுச்சு. எனக்கே நேரா. இதுவரைக்கும் தர்ஷினி இல்லாம அந்தப் பிள்ளை என்கிட்டத் தனியா பேசினதில்ல.

"அத்தை, சித்தப்பா கார்டு முடிஞ்சு போயி ரொம்ப நாளாச்சு. புதுப்பிக்கவே இல்ல. எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும். யாரும் கேட்டதில்ல, நீங்க கேட்டுட்டீங்க. அதான் அவருக்குக் கோவம்."

நான் ஸ்கூல் ஸ்டோர் ரூமுக்குள்ள போயிக் கதவச் சாத்தினேன்.

"அம்மா உங்ககிட்டப் பேசினது தப்புன்னு அவங்ககிட்டயே சொல்லிட்டேன். நீங்க கார்டு உள்ள ஆள வெச்சு வேலைய முடிங்க. ஞாயித்துக்கிழமை வர்றோம். சித்தப்பா வருவாரான்னு மட்டும் தெரியல."

போன வெச்சுட்டு ஸ்கூலுக்கு வர்ற பைப்புக்காரரோட நம்பரத் தேடி எடுத்தேன். நல்ல பையன். தர்ஷினி தப்பாத் தேடல. ஆனா சித்தப்பா வராத நிச்சயம் என்ன நிச்சயம்? அப்பா இல்லாத பிள்ளை, வளத்தது அவர்தான். அவர் கையாலதான் தட்டு மாத்தணும்.

28 நவம்பர், வெள்ளி

ரிங்லெட்லேர்ந்து அஸ்மான்னு ஒருத்தர். ஸ்கூலுக்குப் பைப்பு வேலைக்கு வர்றவர்தான். இருந்தாலும் கார்ட வாங்கிப் பாத்தேன். பேரு சரி, தேதி சரி. இவர் சுவத்தப் பாத்துக்கிட்டே, "பாத்துக்கோ, நல்லாப் பாத்துக்கோ"ன்னு முணுமுணுத்தார்.

உடைச்சுப் பாத்தா வளைவுல இருந்த மூட்டு வெடிச்சிருக்கு. மாத்தி, பூசி, மத்தியானத்துக்குள்ள முடிஞ்சுது. சுவர் காய ஒரு மாசம் ஆகுமாம். அந்த இடத்துல என் கல்யாணப் பட்டுச் சேலைய விரிச்சு மாட்டியாச்சு. ஜோடனைன்னு நினைச்சுக்குவாங்க.

சுடுதண்ணியில குளிச்சேன். ரொம்ப நேரம்.

30 நவம்பர், ஞாயிறு

மழை இல்ல. மூட்டம் மட்டும்.

வேன்ல வந்தாங்க. லோகன், அவங்க அம்மா, சொந்தக்காரங்க. சம்பந்தியம்மா என் கையப் பிடிச்சாங்க, ஆனா கண்ணப் பாக்கல. சேகர் அண்ணன் இல்ல. எல்லாரும் பாயில உக்காந்தாச்சு, தட்டெல்லாம் வெச்சாச்சு, யாரும் ஆரம்பிக்கல. இவர் என்னப் பாக்குறார். நான் வாசலப் பாக்குறேன்.

நல்ல நேரம் முடியப் போகுதுங்கிற நேரத்துல மோட்டார் சத்தம்.

காலக் கழுவிட்டு வந்தார். யாரையும் பாக்கல. நேரா பாத்ரூமுக்குப் போனார். குழாயத் தொறந்து மூடினார். ஹாலுக்கு வந்து சேலையத் தூக்கி, உள்ளங்கைய வெச்சு சுவத்தத் தடவினார்.

"யாரு செஞ்சா?"

"அஸ்மான்ணே. ரிங்லெட்."

"கார்டு பாத்தியா?"

"பாத்தேன்ணே."

"ம். மூட்டு நல்லாப் போட்டிருக்கான்."

சேலைய இறக்கி விட்டுட்டு அதே சுவத்துல சாஞ்சு உக்காந்தார். தட்டக் கைல எடுத்தார். எடுத்தவர் நிமிர்ந்து, "தங்கச்சி, அன்னைக்கு ஒரு டீ போட்டு வெச்சியே. அது எங்க?"

அடுப்படியில நின்னு அழுதேன். சீனி போட்டேனா இல்லையான்னு ஞாபகம் இல்ல. குடிச்சிட்டார்.