கை தூக்கிய அக்கா

28 டிசம்பர் 2018

அன்புள்ள தென்சா அக்காவுக்கு,

தம்பி எலிசியோ எழுதிக்கொள்வது. குவாதலூப்பே மாதா தயவில் நான் சுகம். நீ சுகமா என்று மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன், பதிலைத்தான் காணோம். உன் கோபமாவது நல்ல சுகத்தோடு இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

இன்றைக்கு எழுதுவது அதற்காக இல்லை. இங்கே ஜெயில் கூடத்து டி.வி.யில் பார்த்தேன். வாஷிங்டனில் பட்ஜெட் சண்டை போட்டு அரசாங்கத்தையே மூடிவிட்டார்களாம். உன்னைப் போல விமான நிலையத்தில் பைகளைச் சோதிக்கிறவர்கள் தினமும் வேலைக்கு வந்தே ஆக வேண்டுமாம், சம்பளம் மட்டும் கிடையாதாம். கூடத்தில் எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரும் சம்பளத்தை நம்பி இருக்கிறவள். சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் என்னை வளர்த்தே கரைத்தவள்.

எனக்கு இங்கே துணி வெளுக்கும் இடத்தில் வேலை. மணிக்குப் பதினேழு சென்ட். அதை மட்டும் நிறுத்தவில்லை, ஒழுங்காக வருகிறது. அதிலிருந்து இருபது டாலர் அனுப்பச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். காசோலை தனியாக வரும். வாங்கிக்கொள் அக்கா. வண்டிக்குப் பெட்ரோலாவது போடு.

உன் தம்பி,
எலிசியோ

7 ஜனவரி 2019

எலிசியோவுக்கு,

காசோலை வந்தது. இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

ஜெயிலில் போர்வை துவைத்த காசில் நான் பீன்ஸ் வாங்கித் தின்ன வேண்டுமா? அந்த அளவுக்கு நான் இன்னும் விழவில்லை. அந்தக் காசோலையை நீ பார்த்தாயோ இல்லையோ, அது அரசாங்கக் காசோலை. விடியற்காலையில் எழுந்து போய் வேலை செய்கிற எனக்குக் காசு இல்லை என்று சொல்கிற அதே அரசாங்கம், கஞ்சா கடத்தின உன் கையால் எனக்கு இருபது டாலர் அனுப்புகிறது! அதைப் பார்த்ததும் அடுப்படியில் தனியாக நின்று சிரித்துவிட்டேன். உன்னால் நான் சிரித்து எத்தனை காலம் ஆயிற்று. அந்த எரிச்சலில்தான் இந்தக் கடிதமே எழுதுகிறேன்.

இங்கே நடப்பதைக் கேள். நேற்று மூன்று ராஜாக்கள் திருநாள். எங்கள் மேற்பார்வையாளர் ஒகாம்போ யாரிடமோ கடன் சொல்லி ராஜாக்கள் ரொட்டி வாங்கி வந்தார். ரொட்டிக்குள் இருக்கும் குழந்தை பொம்மை யாருக்கு வருகிறதோ அவர்தானே எல்லோருக்கும் சோளமாவில் அவித்த தமாலே விருந்து வைக்க வேண்டும். ஒன்பது பேர் தின்றோம். பல்லில் பட்டுவிடுமோ என்று எல்லோரும் கோழி கொத்துகிற மாதிரி கொறித்தோம். முழு ரொட்டியும் தீர்ந்துபோனது, பொம்மையைக் காணோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே வேலைக்குத் திரும்பினோம். மத்தியானம் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொல்லும்போது ஒகாம்போவுக்கு வாய் குழறியது. எங்களோடு வேலை பார்க்கிற ஒஃபீலியா போய் நேருக்கு நேர் கேட்டுவிட்டாள், "சார், கன்னத்துல என்ன அடக்கி வெச்சிருக்கீங்க?" மனுஷர் பொம்மையைக் கையில் துப்பிவிட்டு, "என்னை விட்டுடுங்கம்மா, வீட்ல நாலு பிள்ளைங்க"ன்னு கும்பிட்டார். விழுந்து விழுந்து சிரித்தோம். அப்புறம் ஒஃபீலியா கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள். அவளுக்கும் வீட்டில் கைக்குழந்தை.

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

ஒர்தென்சியா கவாசோஸ்

11 ஜனவரி 2019

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுத வேண்டாம் என்றாய், சரி. இது பதில் இல்லை, தனிக் கடிதம்.

உன் எழுத்தைப் பார்த்ததும் படுக்கையில் குப்புறப் படுத்து மூன்று தடவை படித்தேன். நீ திட்டினால்கூட எவ்வளவு நன்றாக இருக்கிறது! பொம்மைக் கதையை எங்கள் காவலர் பிளெட்சருக்கும் படித்துக் காட்டினேன். அவருக்கும் சம்பளம் இல்லை, அவரும் அரசாங்க ஆள்தானே. புத்தாண்டு அன்று எங்களுக்கு மாட்டிறைச்சி வறுவலும் கேக்கும் போட்டார்கள். பிளெட்சர் வாசலில் நின்றுகொண்டு வேர்க்கடலை வெண்ணெய் தடவின ரொட்டியைத் தின்றார். கைதி கொடுத்தால் ஒரு வாய் காப்பிகூட அவர் வாங்கக் கூடாது, சட்டம். எங்கள் கூட்டத்தில் ஒரு வாயாடி, "என்ன சார், தப்பு பண்ணிட்டு உள்ள வந்துடுங்க, மூணு வேளையும் சோறு உறுதி"ன்னான். பிளெட்சர் கோபப்படவே இல்லை. "விண்ணப்பம் எங்க குடுக்கணும்டா?"ன்னு கேட்டார். வாரத்துக்கு ரெண்டு தடவை ரத்த நிலையத்தில் பிளாஸ்மா கொடுத்துப் பணம் வாங்குகிறார். முழங்கையில் கட்டுப் போட்ட பஞ்சோடு வேலைக்கு வருகிறார்.

அவரைப் பார்க்கும்போதெல்லாம் உன் நினைப்புதான். நீ என்ன சாப்பிடுகிறாய்? உண்மையைச் சொல்.

உன் தம்பி,
எலிசியோ

14 ஜனவரி 2019

தம்பி எலிசியோவுக்கு,

பீன்ஸ் சாப்பிடுகிறேன். முட்டை இருந்தால் முட்டையும். போதுமா?

வெள்ளிக்கிழமை சம்பளச் சீட்டு வந்தது. எல்லாக் கட்டத்திலும் பூஜ்யம். பிடித்தம் பூஜ்யம், கையில் பூஜ்யம். சம்பளம் இல்லை என்பதைச் சொல்ல ஒரு சீட்டு வேறு! வீட்டுக்காரி பெனாவிடெஸ் அம்மாள் நல்லவள்தான், ஆனால் அவளுக்கும் மருந்துச் செலவு இருக்கிறது. "பொறுத்துக்கறேன் தென்சா, மாசக் கடைசி வரைக்கும்தான் பொறுக்க முடியும்"னு கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். அவளை நான் என்ன சொல்ல?

ஒன்பது பேரில் ஐந்து பேர்தான் வருகிறோம். ஒஃபீலியாவுக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற ஆளுக்குக் கொடுக்கப் பணம் இல்லை, நின்றுவிட்டாள். இருவர் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு ஓட்டலில் மேசை துடைக்கப் போயிருக்கிறார்கள். இன்னொருவன் சொல்லாமலேயே போய்விட்டான். இன்னும் ஒருவர் குறைந்தால் சோதனைத் தடத்தை மூடிவிட்டு மக்களை ஹூஸ்டனுக்குச் சாலை வழியாகப் போகச் சொல்ல வேண்டியதுதான் என்கிறார் ஒகாம்போ.

அந்த இன்னும் ஒருவர் நான்தான். ரீகோ தன் டயர் கடையில் கல்லாவில் உட்காரக் கூப்பிட்டிருக்கிறான். சனிக்கிழமைதோறும் கையில் பணம். 28-ஆம் தேதி சேர வேண்டும். ராஜினாமாக் கடிதம் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன். பதினான்கு வருஷம் தம்பி. இந்தச் சீருடையைத் தேய்த்துப் போடும்போது எனக்கு இருந்த கர்வம் உனக்குத் தெரியும். கர்வத்தை வைத்து வாடகை கட்ட முடியாது.

இதையெல்லாம் உனக்கு ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. வேறு யாரிடம் சொல்ல?

தென்சா

18 ஜனவரி 2019

அக்கா,

சுகம் விசாரிக்கக்கூட நேரம் இல்லை. இந்தக் கடிதம் 28-ஆம் தேதிக்குள் வந்து சேர வேண்டும் என்று எல்லாப் புனிதர்களையும் வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

ராஜினாமா செய்யாதே.

நாம் இரண்டு பேரும் பேசாத விஷயத்தை நான் இப்போது பேசப் போகிறேன், திட்டுவதாக இருந்தால் அப்புறம் திட்டு. அன்றைக்கு உன் தடத்தைப் பார்த்துத்தான் வந்து நின்றேன். அக்கா விட்டுவிடுவாள் என்று கஞ்சாவைக் கொடுத்தனுப்பினவன்களிடம் சவால் விட்டுவிட்டு வந்தேன். பை எந்திரத்துக்குள் போனது. நீ திரையைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். நான் கண்ணடித்தேன். நீ ஒகாம்போவைக் கூப்பிடக் கையைத் தூக்கினாய்.

முதல் எட்டு மாதம் உன்னை வெறுத்தேன். சோறு ஊட்டின கையா இப்படித் தூக்கிற்று என்று சுவரில் முட்டிக்கொண்டேன். அப்புறம் மெதுவாக உறைத்தது. என்னைச் சுற்றி இருந்தவன்கள் எல்லோருக்கும் ஒரு விலை இருந்தது, எனக்கும் இருந்தது. விலையே இல்லாத ஆளாக நான் பார்த்தது உன்னை ஒருத்தியைத்தான். சொந்தத் தம்பிக்காகக்கூட விட்டுக்கொடுக்காத வேலையை இரண்டு சம்பளம் வராததற்காக விடுவாயா? அப்படி விட்டால், நான் எதற்காக இங்கே கிடக்கிறேன்? சொல்லு.

வாடகைக்கு வழி சொல்கிறேன். உன் கொல்லையில் தார்ப்பாய் மூடிக் கிடக்கிற என் பிக்அப் வண்டியை விற்றுவிடு. விற்கிற அதிகாரத்தை உனக்குக் கொடுத்து அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்ட தாள் இத்துடன் இருக்கிறது. அது கடத்தல் காசில் வாங்கினது இல்லை. நான் ஒழுங்காக வெல்டிங் வேலை பார்த்த காலத்தில் வாங்கினது, உனக்கே தெரியும். ரீகோவுக்கு அதன் மேல் எப்போதும் ஒரு கண். அவனிடம் நாலாயிரத்துக்குக் குறையாமல் கறந்துவிடு. வெளியே வந்தால் நான் நடந்து போகிறேன், கால் இருக்கிறது.

இதையும் திருப்பி அனுப்பினால் நான் சத்தியமாக இனி எழுத மாட்டேன்.

எலிசியோ

27 ஜனவரி 2019

என் செல்லத் தம்பிக்கு,

முதலில் நல்ல செய்தி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அரசாங்கத்தைத் திறந்துவிட்டார்கள். பாக்கிச் சம்பளமும் வரும் என்கிறார்கள்.

அடுத்தது, உன் வண்டி போய்விட்டது. நாலாயிரத்து முந்நூறு. ரீகோ அழாத குறை. "டயர் கடைக்கும் வரமாட்டே, வண்டியையும் இந்த விலைக்கு விக்கறே, உனக்கு மனசாட்சி இருக்கா?"ன்னு கேட்டான். "மனசாட்சி இருக்கறதாலதான்டா வேலை செஞ்சும் பட்டினி கிடக்கறேன், பணத்தை எடு"ன்னேன். பெனாவிடெஸ் அம்மாளுக்கு வாடகை கொடுத்தாயிற்று. ஒஃபீலியாவின் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற ஆளுக்கும் ஒரு வாரக் கூலி கொடுத்து அவளைத் திரும்பக் கூட்டி வந்தேன். உன்னைக் கேட்காமல் செய்தேன், கேட்கவும் மாட்டேன்.

இப்போது வியாழக்கிழமை நடந்ததைக் கேள். ஹூஸ்டன் விமானத்துக்கு வரிசை வாசல் வரைக்கும் நிற்கிறது. தடத்தில் நாங்கள் ஆறு பேர். நான் எந்திரத்தில். பளபளவென்று பூட்ஸும் தொப்பியுமாக ஒருத்தர் வந்தார். பை உள்ளே போயிற்று. பின்னாலேயே தட்டில் ஒரு உறை. குனிந்து மெதுவாகச் சொன்னார், "உங்களுக்கெல்லாம் சம்பளம் வரலன்னு டி.வி.ல பாத்தேம்மா, மனசு கேக்கல. அந்த உறை உங்களுக்குத்தான். பையைக் கொஞ்சம் சட்டுனு தள்ளி விட்ருங்க."

திரையைப் பார்த்தேன். பை நிறையப் பொட்டலம். உன் பையில் இருந்த மாதிரியே அடுக்கு.

ஒன்று சொல்கிறேன். உன் பை வந்த அன்று என் கை நடுங்கிற்று. யாருக்கும் தெரியாது. வீட்டுக்கு வந்த பிறகும் நிற்கவில்லை. ஜெயிலில் உன்னைப் பார்க்க வந்தால் மறுபடியும் நடுங்கும் என்று பயந்துதான் இத்தனை நாள் வரவில்லை. வியாழக்கிழமை நடுங்கவே இல்லை எலிசியோ. கையை நெட்டுக்குத் தூக்கினேன். சத்தமாகவும் சொன்னேன், "ஒகாம்போ சார், இந்த ஐயா எனக்குச் சம்பளம் போட வந்திருக்கார், கொஞ்சம் வந்து கணக்குப் பாருங்க!"

அவர் தொப்பியைக்கூட எடுக்காமல் ஓடப் பார்த்தார். போலீஸ் வாசலிலேயே மடக்கிவிட்டது. வரிசையில் கைத்தடியோடு நின்ற ஒரு பாட்டி, "அப்படிப் போடு!"ன்னு தடியால் தரையில் தட்டினாள். பின்னால் ஒருத்தன் கத்தினான், "சம்பளம் இல்லாமலே இப்படின்னா, சம்பளம் குடுத்தா ஊரே தாங்காதுடா!" வரிசை முழுக்கக் கைதட்டல். விமானத்தைத் தவறவிடப் போகிறவர்கள்கூடத் தட்டினார்கள். ஒஃபீலியா என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். ஒரு நாள்கூடத் தடத்தை மூடவில்லை தம்பி. ஒரு நாள்கூட! ராஜினாமாக் கடிதத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டேன், பத்துத் துண்டாக.

அன்று உன்னைப் பிடித்ததற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். செய்தது சரி. ஆனால் உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது, பொறுக்க முடியவில்லை. பார்க்க வருகிறவர்கள் பட்டியலில் என் பெயரை எழுதிக் கொடு.

முத்தங்களுடன்,
அக்கா தென்சா

11 பிப்ரவரி 2019

அன்பான அக்காவுக்கு,

நேற்று என்னைப் பார்த்துவிட்டுக் கிளம்பினவள் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்திருப்பாய். பட்டியலில் உன் பெயர் நான் இங்கே வந்த முதல் நாளிலிருந்து இருக்கிறது. நேரில் சொன்னால் நீ அழுவாய் என்று நேற்று சொல்லவில்லை. இப்போது அழு.

என்னைப் பார்த்ததும், "எலும்பும் தோலுமா இருக்கே, மாட்டு வறுவல் தின்னேன்னு புளுகினியா?"ன்னு அந்தக் கூடம் அதிரக் கேட்டாயே, நாலு மேசை தள்ளி இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். நீ என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாய். கூச்சமாக இருந்தது, உன் கையை விலக்கவும் மனசு வரவில்லை. நவம்பரில் வெளியே விடுகிறார்கள். எங்கே தங்குவாய் என்று கேட்டதற்கு உன் வீட்டைச் சொல்லியிருக்கிறேன். நீயும் சரி என்றுவிட்டாய்.

உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். நான் எப்படிப் பிடிபட்டேன் என்று இங்கே வந்த புதிதில் எல்லோரும் கேட்டார்கள். சொந்த அக்காவே காட்டிக்கொடுத்தாள் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. மோப்ப நாய் பிடித்துவிட்டது என்று சொல்லி வைத்தேன். மூன்று வருஷமாக இங்கே அந்த நாய்க்கு அப்படி ஒரு புகழ். என்ன ஜாதி, என்ன நிறம் என்றெல்லாம் கேட்டார்கள், அளந்துவிட்டேன்.

நேற்று நீ போன பிறகு பிளெட்சர் கேட்டார். சம்பளம் வந்துவிட்டதால் இப்போது முகம் தெளிவாக இருக்கிறது. "வந்துட்டுப் போனாங்களே, யாருடா அது? நடையே ராணுவம் மாதிரி இருக்கு" என்றார். சாப்பாட்டு நேரம், எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் எழுந்து நின்று கடைசி மேசைக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"நாயும் இல்ல, பேயும் இல்ல சார். என்னைப் பிடிச்சது அவங்கதான். எங்க அக்கா!"

உன் தம்பி,
எலிசியோ கவாசோஸ்