அசல் உனக்கு, நகல் மேனேஜருக்கு

அன்புள்ள சத்யபிரியாவுக்கு,

நான் நலம். அம்மாவின் முட்டுவலி தேவலையா?

போன் இருக்கக் கடிதம் ஏன் என்று நினைப்பாய். இந்த வெளிநாட்டு கேம்ப்பில் கம்பெனியின் இன்டர்நெட் லைனில்தான் பேச முடியும். அதில் பேச்சைச் சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கித்தான் அனுப்பும். ஒவ்வொரு துண்டையும் நகலெடுத்து மேனேஜருக்கு அனுப்பிவிட்டு, அசலை வீட்டுக்கு விடும்படி, லைனுக்குக் காவல் நிற்கும் ஃபயர்வாலில் விதி எழுத, கம்ப்யூட்டர் பார்க்கும் என்னிடமே சொன்னார்கள். எழுதினேன். மறுத்தால் ஊருக்கு ஏற்றிவிடுவார்கள்.

மேனேஜர் செங்கோட்டைக்காரர். நேற்று சிரித்துக்கொண்டே, "என்னலே, ஐந்தருவியில தண்ணி விழுதாம்லா?" என்று கேட்டார். முந்தின நாள் நீ போனில் என்னிடம் சொன்னது அது. அந்த விதியிலிருந்து என் பேச்சை மட்டும் விலக்கினால், அதுவும் அவருக்குத் தெரிந்துவிடும்.

நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்துவிடு. போனில் நான் "சரி, சரி" என்றால் கோபப்படாதே. நீயும் மழையைப் பற்றியே பேசு. அழுகை வந்தால் கடிதத்தில் அழு.

லீவில் ஊருக்கு இதைக் கொண்டுவரும் பேச்சிராஜுக்கு ஏர்போர்ட் வண்டி வந்துவிட்டது.

செந்தில்வேல்