பொடியை நிறுத்து

ஜாலான் புசார், சிங்கப்பூர்
14.8.1978

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள அல்போன்சம்மாளுக்கு,

நான் சுகம். உன் தடிப்பும் அரிப்பும் எப்படி இருக்கின்றன? 'பொடியை நிறுத்து' என்ற என் தந்தி கிடைத்திருக்கும். காரணத்தை எழுதுகிறேன், பயப்படாதே.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு வேடிக்கை. துத்தநாகம் சேர்த்த எலித் தீவனத்துக்கும் சேர்க்காததற்கும் நானே சீட்டை மாற்றி ஒட்டியிருக்கிறேன். உதவியாளர் தனசேகரன்தான் கண்டுபிடித்தார்.

"டாக்டர், துத்தநாகம் தின்ன எலிக்குத்தான் காது சிவந்திருக்கு லா!" என்று சிரித்தார்.

மூன்று முறை சரிபார்த்தேன். அரிப்பைத் தரும் ஹிஸ்டமின் அவற்றுக்குத்தான் கூடியிருக்கிறது.

துத்தநாகம் அரிப்பைக் குறைக்கும் என்ற பழைய முடிவை நம்பித்தான் உனக்குத் துத்தநாகப் பொடி அனுப்பினேன். அரிப்பு பரவுவதாக நீ எழுதியபோதும், விடாமல் சாப்பிடச் சொன்னேன். மருத்துவரிடம் போ. நான் கொடுத்ததை மறைக்காமல் சொல். இனி மருந்தைப் பற்றி என்னிடம் கேட்காதே. வேறு எதையாவது கேட்டு எழுது.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

உன்
சிலுவைராஜ்